நிலத்துக்குள் கிடந்த 5 அங்குல வைஸ்: இதற்கு எப்படி ஒரு வாங்கு (வேலைமேசை) அடிக்கலாம்?

உருத்திரபுரத்தான்

எல்லாருக்கும் வணக்கம். இது பெரியப்பாவின் வைஸ், வேலைச் சாமானை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி. ரெக்கோட் (Record) கம்பனியின் எண் 5, வாய் 5 அங்குலம், இங்கிலாந்து ஷெஃபீல்டில் வார்த்தது. 2008 கடைசியில் சண்டையால் நாங்கள் வெளிக்கிட்டபோது லாண்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் அரிசியும் பாத்திரமும் ஏற்றியதோடு இடம் முடிந்துவிட்டது. பெரியப்பா வைஸைக் கழற்றி, கிறீஸ் பூசி, உரப்பையில் சுற்றி, மாட்டுக்கொட்டிலுக்கு மூன்று அடி பின்னால் தாட்டுவிட்டு வந்தார். 2010 இல் திரும்பி வந்து பார்த்தால் கொட்டிலே இல்லை. மூன்று அடியை எதிலிருந்து அளப்பது? நாலு இடத்தில் தோண்டிவிட்டு விட்டுவிட்டார்.

போன மாதம் மலசலகூடக் குழி வெட்டும்போது அலவாங்கு 'ணங்' என்றது. எடுத்துப் பார்த்தால் அதுதான். உரப்பை உக்கிப்போய்விட்டது, திருகு அசையவில்லை, அடியில் போல்ட் போடும் காதுகளில் ஒன்று பாதி உடைந்திருக்கிறது.

இதைத் திருத்தி ஒரு இரும்பு வாங்கில் பூட்ட வேண்டும். என் யோசனை: 2 அங்குல பொக்ஸ் பாரில் (சதுரக் குழாய், தடிப்பு 1.6 மி.மீ.) சட்டம், மேலே 3 மி.மீ. செக்கர் தகடு (புடைப்புக் கோலம் போட்டது), தள்ளிக்கொண்டு போக நாலு சில்லு. நீளம் 5 அடி, அகலம் 2 அடி. சரிவருமா?

பட்டறை மகள்

தம்பி, வாங்கை விடுங்கள். அந்த 'ணங்' கேட்டபிறகு என்ன செய்தீர்கள்? இன்னொரு தரம் குத்தினீர்களா?

நான் புதுக்குடியிருப்பு. எங்கள் பக்கம் மண்ணுக்குள் இரும்பு தட்டுப்பட்டால், சண்டைக்காலத்து வெடிக்காத குண்டாக இருக்கலாம் என்று அலவாங்கை அப்படியே வைத்துவிட்டு, வந்த அடியிலேயே திரும்பி வருவோம். பொலிசுக்கு 119 அடித்தால் அவர்கள் ஆட்களை அனுப்புவார்கள். உங்களுக்கு வைஸ் வந்தது நல்ல காலம். மற்றக் குழியை வெட்டும்போது இதை நினைவில் வையுங்கள்.

பழைய இரும்புக் கடையிலிருந்து வாங்குக்குச் சாமான் எடுக்கிறதாக இருந்தாலும் இதே கதைதான். இரண்டு பக்கமும் மூடிய குழாய், என்னவென்று தெரியாத உருளை, பழைய ஷொக் அப்சோர்பர் எதையும் வெட்டவோ சூடுகாட்டவோ கூடாது. அப்பாவின் பட்டறையில் அதற்கென்றே ஒரு மூலை இருந்தது. 'தெரியாத இரும்பு' என்று வெண்கட்டியால் எழுதியிருப்பார், ஒருவரும் தொடமாட்டோம்.

உருத்திரபுரத்தான்

அக்கா, உண்மையைச் சொன்னால் இன்னும் இரண்டு தரம் குத்தினேன். பெரியம்மா பார்த்துவிட்டுப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

மாங்குளம் வெல்டர்

வாங்குக்கு வருவோம். தம்பி குறை நினைக்கக் கூடாது, நீங்கள் சொன்னது வாங்கு இல்லை, தேநீர் வண்டில்.

வைஸில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். அரத்தால் ராவினால் முன்னும் பின்னும் இழுக்கும். இரண்டு அடிக் கம்பியை வளைத்தால் முறுக்கும். சம்மட்டியால் அடித்தால் கீழே தள்ளும். மூன்றுமே வைஸின் அடியிலிருந்து மேல்தகட்டுக்கு வந்து, அங்கிருந்து காலுக்கு இறங்கி, நிலத்துக்குப் போக வேண்டும். இடையில் எது மெலிந்ததோ அது ஆடும். உங்கள் திட்டத்தில் மேல்தகடும் மெலிவு, காலும் மெலிவு, நிலத்தில் சில்லு.

தகட்டின் விறைப்பு தடிப்பின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 3 மி.மீ. தகட்டை 10 ஆக்கினால் பத்தை மூன்றால் பிரித்து மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 37 மடங்கு. எடையும் கூடும். ஒரு சதுர மீற்றர் இரும்பு ஒரு மி.மீ. தடிப்புக்கு 7.85 கிலோ. 1500 க்கு 600 மேசை என்றால் 0.9 சதுர மீற்றர், 10 மி.மீ. தகடு மட்டும் 70 கிலோவுக்கு மேல் வரும். அந்த எடைதான் வாங்கை அசையாமல் வைத்திருக்கப் போகிறது.

செக்கர் தகடு வேண்டவே வேண்டாம். புடைப்பில் வேலைச் சாமான் நேராக உட்காராது, மூலைமட்டம் வைத்தும் பார்க்க முடியாது.

கனடாக் காற்று

நான் இங்கே கராஜில் மேப்பிள் பலகையில் மூன்று அங்குலத் தடிப்பில் மேசை அடித்திருக்கிறேன். பலகை அதிர்வைக் குடிக்கும், காதுக்கும் இதம். அங்கே முதிரை, பாலை எல்லாம் இருக்கும்போது ஏன் இரும்பு?

பாலைப்பழம்

அண்ணை, உங்கள் கராஜில் கறையான் இல்லை. இங்கே மண் தரையில் பலகை வைத்தால் மாரி முடிய மேசைக்கு உள்ளே தனிக் குடித்தனம் நடக்கும். முதிரைக்குக் கறையான் இலேசில் வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தடிப்பில் முதிரை வாங்கி, மரம் ஏற்ற அனுமதிப் பத்திரமும் எடுத்து வருவதற்குள் தம்பியின் வைஸ் திரும்பவும் கறள் பிடித்துவிடும்.

கடைசல்காரன்

வவுனியாவில் லேத் வைத்திருக்கிறேன். எல்லாரும் மேசைக்குப் பாய்ந்துவிட்டீர்கள். முதலில் வைஸை முடியுங்கள் தம்பி. அதன் உயரம், அடிப்பாகம், போல்ட் துளை எங்கே என்று கையில் வந்த பிறகுதான் வாங்குக்கு அளவு போட முடியும். வாங்கை முதலில் அடித்துவிட்டு வைஸை எங்கே வைக்கலாம் என்று தேடினால், கால் ஒரு பக்கம், வைஸ் ஒரு பக்கம் நிற்கும்.

திருகுக்கு: கைபிடியில் பைப் கொளுவித் திருகாதீர்கள். அந்த இரும்பு வார்ப்பு, வளையாது, உடையும். மண்ணெண்ணெயும் பிரேக் ஒயிலும் கலந்து விடுகிறவர்கள் உண்டு. நான் செய்வது வேறு. நட் இருக்கும் இடத்தைக் காஸ் சுவாலையால் மெதுவாகச் சூடாக்கி, தண்ணீர்த் துளி விட்டால் பொரிகிற பதத்தில் சுவாலையை எடுத்துவிட்டு, மெழுகுதிரியைப் புரியில் தொட்டால் போதும். மெழுகு உருகி உள்ளே இழுபடும். ஆற விட்டு, கால் சுற்று முன்னுக்கு, கால் சுற்று பின்னுக்கு. விடாப்பிடியாக ஒரே பக்கம் திருக வேண்டாம்.

உடைந்த காது பற்றி: வெடிப்பு எங்கே முடிகிறது என்று பார்த்தீர்களா?

உருத்திரபுரத்தான்

மெழுகு வேலை செய்தது அண்ணை! மூன்றாம் நாள் பின்னேரம் 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு வெண்ணெய் மாதிரிச் சுற்றுகிறது. உள்ளே பெரியப்பா பூசிய கிறீஸ் கறுப்பாக இன்னும் இருக்கிறது. சதுரப் புரி தேயவே இல்லை.

கறளுக்குக் கள்ளு வினாகிரியில் ஊறப்போட்டால் நல்லதா, அல்லது பற்றரி சார்ஜரால் மின்சாரம் விட்டுக் கறள் எடுக்கும் முறையா?

வெடிப்பு எங்கே முடிகிறது என்று எப்படிப் பார்ப்பது?

கடைசல்காரன்

வெடிப்புக்கு மண்ணெண்ணெயும் வெண்கட்டியும் போதும். அந்த இடத்தைத் துடைத்து மண்ணெண்ணெய் பூசிப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு பழந்துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, வெண்கட்டித் தூளைத் தேயுங்கள். காத்திருந்தால் வெடிப்புக்குள் போன மண்ணெண்ணெய் திரும்பக் கசிந்து, வெள்ளைத் தூளில் தலைமுடி மாதிரி ஒரு ஈரக் கோடு எழும். கோடு எங்கே முடிகிறதோ அங்கே பொட்டு வையுங்கள்.

மாங்குளம் வெல்டர்

கறளுக்குச் சின்னச் சாமான் என்றால் வினாகிரி. இவ்வளவு பெரிய வார்ப்புக்குச் சார்ஜர்தான். பிளாஸ்டிக் பீப்பா, தண்ணீர், லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. கறிஉப்புப் போடாதீர்கள், குளோரின் வாயு வரும். 12 வோல்ட் சார்ஜரின் கழித்தல் கிளிப் வைஸில், கூட்டல் கிளிப் பழைய இரும்புத் தகட்டில். மாறினால் வைஸ்தான் கரையும், இரண்டு தரம் பார்த்துக் கொளுவுங்கள். கரைய விடும் தகடாக எவர்சில்வர் கூடாது, அதிலிருந்து வரும் குரோமியம் நஞ்சு. குமிழி குமிழியாக வருவது ஐதரசன், ஆகவே கொட்டிலுக்கு வெளியே வையுங்கள், பக்கத்தில் பீடியும் வேண்டாம். தகட்டை நேரே பார்க்கிற பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும், இடைக்கிடை வைஸைத் திருப்பி வையுங்கள். கை வைக்கும்போது சார்ஜரை நிற்பாட்டிவிட்டு.

புதுச் சார்ஜர்கள் சில பற்றரி காணாவிட்டால் வேலையே தொடங்காது. லாண்ட்மாஸ்ரர் பற்றரியை இடையில் சமாந்தரமாகக் கொளுவி ஏமாற்றலாம்.

உருத்திரபுரத்தான்

இரண்டு இரவு ஓடியது. தண்ணீர் சேற்றுக்குளம் மாதிரி. வெளியே எடுத்துக் கம்பித் தூரிகையால் தேய்த்ததும் எழுத்துகள் தெளிவாக வந்தன, கீழே பழைய நீலப் பூச்சும் திட்டுத் திட்டாக. கழுவித் துடைத்து வெயிலில் வைத்துவிட்டுத் தேநீர் குடித்து வருவதற்குள் செம்மஞ்சளாக மெல்லியக் கறள் படர்ந்துவிட்டது. அதை யாரும் சொல்லவில்லையே!

வெண்கட்டிச் சோதனை செய்தேன். கோடு காதிலிருந்து உடம்பை நோக்கி 30 மி.மீ. ஓடி நிற்கிறது.

மாங்குளம் வெல்டர்

அது சொல்ல மறந்தது என் பிழை. எடுத்த உடனே துடைத்து, சூடுகாட்டி, ஒயில் பூச வேண்டும்.

காதை ஒட்ட நிக்கல் ஒட்டுக் கம்பி. வார்ப்பைச் சூடாக்கி, ஒரு அங்குலம் ஒரு அங்குலமாகப் போட்டு, ஒவ்வொன்றையும் சூட்டோடு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டு போனால் நிற்கும்.

கடைசல்காரன்

நிற்கும், நிற்காமலும் போகும். வார்ப்பிரும்பை உருக்கி ஒட்டினால் ஒட்டின கரையிலேயே கண்ணாடி மாதிரி இறுகி, அடுத்த வெடிப்பு அங்கே தொடங்கும். நான் பித்தளைக் காஸ் ஒட்டு என்பேன். பித்தளைக் கம்பி 900 பாகை அளவில் உருகும். வார்ப்பு உருக 1150 க்கு மேல் வேண்டும். ஆக வார்ப்பு உருகாமலே பித்தளை அதைக் கவ்விக்கொள்ளும். சுத்தியல் அடி நேரே வாங்காத காது, பித்தளை தாராளம். முதலில் வெடிப்பு முடிகிற இடத்தில் 3 மி.மீ. துளை போடுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் இன்னும் ஓடும்.

மாங்குளம் வெல்டர்

அண்ணை, நான் நிக்கல் போட்டு இருபது வருடமாக ஓடுகிற தண்ணீர்ப் பம்ப் உடம்பு இங்கே இருக்கிறது. வந்து பாருங்கள்.

கடைசல்காரன்

உங்கள் கையில் நிற்கும் தம்பி, அதைத்தான் சொல்கிறேன். இவர் யாரிடம் கொண்டு போகிறாரோ தெரியாது. தெரியாத கைக்கு நிக்கலைவிடப் பித்தளை பிழை பொறுக்கும்.

பட்டறை மகள்

இரண்டு பேரும் ஆறவைப்பதைப் பற்றிப் பேசவில்லை. எந்த ஒட்டாக இருந்தாலும் காற்றில் விட்டு ஆறினால் வெடிக்கும், தண்ணீர் பட்டால் கதையே முடிந்தது. அப்பா நெல் ஆலையிலிருந்து உமிச் சாம்பல் ஒரு பீப்பா எடுத்து வைத்திருப்பார். ஒட்டி முடிந்ததும் வார்ப்பைச் சிவந்த சூட்டோடு அதற்குள் புதைத்து, மேலே மூடி, அடுத்த நாள் காலைதான் திறப்பார். உமிச் சாம்பல் சூட்டை விடாது. ஒரு தரம் எனக்குப் பொறுமையில்லாமல் இரவு பத்து மணிக்குக் கையை விட்டுப் பார்த்தேன். அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது.

உருத்திரபுரத்தான்

பித்தளைதான் போட்டாயிற்று. கிளிநொச்சியில் ஒருவர் செய்து தந்தார். உமிச் சாம்பல் நானே கொண்டு போனேன், அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மாங்குளம் அண்ணை கோபிக்க வேண்டாம்.

வாய்த் தகடு இரண்டும் மழுங்கிவிட்டது. பஸ் ஸ்பிரிங் தகட்டில் செய்யலாமா?

கடைசல்காரன்

செய்யலாம். துளைக்கும் முன்னர் சிவக்கக் காய்ச்சி அதே சாம்பலில் ஆற விடுங்கள், இல்லாவிட்டால் துளைக்கிற அலகுதான் போகும். துளைத்து, ராவி முடிந்ததும் காந்தம் ஒட்டாத சூட்டையும் சற்றுத் தாண்டக் காய்ச்சி ஒயிலில் தோய்த்து, பிறகு வைக்கோல் நிறம் வருமட்டும் மெல்லச் சூடாக்குங்கள்.

உருத்திரபுரத்தான்

இப்போது வாங்கு. சில்லு வேண்டாம், பொக்ஸ் பார் வேண்டாம், செக்கர் வேண்டாம். ஒத்துக்கொண்டேன். உயரம் என்ன? எல்லாரும் 3 அடி என்கிறார்கள்.

பட்டறை மகள்

3 அடி யாருடைய உயரம்? நிமிர்ந்து நில்லுங்கள், கையை மடியுங்கள். முழங்கை எங்கே வருகிறதோ அங்கே வைஸ் வாயின் மேல்விளிம்பு வர வேண்டும். ராவும்போது முன்கை நிலத்துக்குச் சமாந்தரமாகப் போகும், தோள் நோகாது. வேலை செய்யும்போது போடுகிற செருப்போடு அளவுங்கள். அளந்ததிலிருந்து வைஸின் உயரத்தைக் கழித்தால் வாங்கின் உயரம்.

உருத்திரபுரத்தான்

முழங்கை 1060 மி.மீ., வைஸ் 190. அப்படியென்றால் வாங்கு 870. பெரியப்பாவுக்கு இது கொஞ்சம் உயரம். 'நான் பலகைக்கட்டையில் ஏறி நிற்கிறேன்' என்கிறார்.

மாங்குளம் வெல்டர்

சரி, இப்போது அளவு வந்துவிட்டது. நான் அடிப்பதாக இருந்தால் இப்படித்தான்:

கால் 75 க்கு 75 க்கு 6 மி.மீ. எல் அயன் (L வடிவ இரும்பு), மீற்றருக்கு ஏழு கிலோ அளவில் வரும். மேல் சட்டமும் கீழ்ச் சட்டமும் 50 க்கு 50 க்கு 6. கீழ்ச் சட்டம் நிலத்திலிருந்து ஒரு சாண். வைஸ் மூலையில், ஒரு காலுக்கு நேர் மேலே. மேல்தகட்டுக்கும் காலுக்கும் இடையில் அந்த மூலைக்கு மட்டும் 12 மி.மீ. தகட்டுத் துண்டு ஒன்றைக் கூடுதலாக வைத்து, முக்கோணத் தகடு இரண்டு அடியுங்கள். வைஸின் அசையாத வாய் மேசை விளிம்பைவிட ஒரு நூல் வெளியே நிற்க வேண்டும். அப்போதுதான் நீளக் கம்பியை நிலம் வரை செங்குத்தாகப் பிடிக்கலாம். இதை மறந்துவிட்டு முழு மேசையும் அடித்து, பிறகு விளிம்பை அரை வட்டமாக வெட்டினவர்களை எனக்குத் தெரியும். (ஒருவரை நன்றாகவே தெரியும், கண்ணாடியில்.)

போல்ட் 12 மி.மீ., தலையில் 8.8 என்று அடித்தது. கீழே பெரிய வோஷர், இரட்டை நட்டு.

ஒட்டும்போது முதலில் புள்ளி ஒட்டு மட்டும். மூலைவிட்டம் இரண்டும் அளவுங்கள். 1500 க்கு 600 என்றால் இரண்டும் 1616 வர வேண்டும். வந்த பிறகு மூலைக்கு மூலை மாறி மாறி ஒட்டுங்கள். மேல்தகட்டைச் சுற்றிவர முழுக்க ஒட்டினால் தகடு அப்பளம் மாதிரி வளையும். ஒரு அங்குலம் ஒட்டு, ஒரு சாண் இடைவெளி, போதும்.

பாலைப்பழம்

தண்டவாளத் துண்டு ஒன்று பக்கத்தில் ஒட்டிவிட்டால் பட்டடைக்கும் ஆகுமே? எங்கள் ஊரில் பழைய பங்கர்களில் (பதுங்குகுழிகளில்) இருந்தவை எத்தனையோ.

பட்டறை மகள்

வேண்டாம். அது ரயில்வேச் சொத்து. ஓமந்தைக்கு வடக்கே பாதையே இல்லாமல் போய், 2013 இல் கிளிநொச்சி வரையும் 2014 இல் யாழ்ப்பாணம் வரையும் புதிதாகப் போட்டுத்தான் திரும்ப ரயில் ஓடியது. பழைய துண்டு வைத்திருந்தால் 'எங்கே எடுத்தாய்' என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக் களைத்துவிடுவீர்கள். தடித்த தகட்டுத் துண்டு ஒன்றை நிறுத்தி வைத்து அடித்தாலும் அதே வேலை நடக்கும்.

தம்பி, இரண்டு விசயம். மாரி தொடங்கப் போகிறது, ஒட்டுக் கம்பிப் பெட்டியைத் திறந்து வைக்காதீர்கள். ஈரம் குடித்த கம்பி சடசடத்துத் துளை துளையாக ஒட்டும். மற்றது, மின்சாரம். பின்னேரம் ஆறரைக்குப் பிறகு ஊர் முழுக்க வெளிச்சம் போட்டால் வோல்ட் விழும், இன்வேட்டர் பிளாண்ட் (ஒட்டும் இயந்திரம்) நின்று நின்று வரும். 3.2 மி.மீ. ஒட்டுக் கம்பிக்கு 110 அம்பியர் வேண்டும். காலையில் ஒட்டுங்கள், நீட்டு வயரும் தடித்ததாக இருக்கட்டும்.

உருத்திரபுரத்தான்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். முடிந்தது.

மூலைவிட்டம் 1616 உம் 1619 உம். விட்டுவிட்டேன். கொட்டில் தரை மண், அதனால் காலுக்குக் கீழே 150 மி.மீ. சதுரத் தகடு ஒட்டி, நாலு இடத்தில் கொங்கிறீற் போட்டேன். அப்படியும் ஒரு கால் 4 மி.மீ. தூக்கி நின்றது. அந்தக் காலில் நட்டு ஒட்டி, தடித்த போல்ட் ஒன்றைக் கீழே இறக்கினேன். கீழ்த் தட்டில் பழைய லாண்ட்மாஸ்ரர் பற்சில்லுகள் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டேன். இப்போது தோளால் தள்ளினால் தோள்தான் நோகிறது.

வைஸுக்குப் பழைய நீலமே அடித்தேன். வழுக்குகிற இடங்களுக்குப் பூச்சு இல்லை, ஒயில் மட்டும். பெரியப்பா வந்து கைபிடியை ஒரு விரலால் தட்டிவிட்டார். அது தானாக அரைச் சுற்றுச் சுற்றிக் கீழே தொங்கியது. ஒன்றும் பேசவில்லை. பிறகு பலகைக்கட்டை எங்கே என்று கேட்டார்.

கடைசல்காரன்

1619 ஆ? ம்... சரி, மேசைதானே.

மாங்குளம் வெல்டர்

பித்தளைக் காது எப்படி?

உருத்திரபுரத்தான்

அரை அங்குலக் கம்பியை வளைத்துப் பார்த்தேன். திரும்பவும் மண்ணெண்ணெய், வெண்கட்டி. கோடு வரவில்லை. ஒரே ஒரு பிரச்சினை: செய்தி பரவிவிட்டது. இன்று காலை ஆறு மணிக்கு ஒருவர் கலப்பைக் கொழுவோடு படலையில் நிற்கிறார். 'வைஸ் இருக்காம் எண்டு சொல்லிச்சினம்' என்கிறார். எனக்கு அவரைத் தெரியவும் தெரியாது.

பட்டறை மகள்

இனிப் படலையைப் பூட்ட முடியாது தம்பி. வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுங்கள், ஆனால் கோப்பையை மேல்தகட்டில் வைக்க விடாதீர்கள். வட்டம் வட்டமாகக் கறள் பிடிக்கும்.